கணினிப் பணியும் கருவித் தேர்வும்

தச்சன் மரத்தைப் பார்த்த பின்னரே உளியை எடுக்கின்றான். தையற்காரன் துணியைத் தடவிப் பார்த்த பின்னரே ஊசியைத் தேர்கின்றான். கணினியில் நிரல் எழுதப் புகும் கல்லூரி மாணவரோ பெரும்பாலும் இம்முறையை மாற்றிவிடுகின்றனர். எந்த நிரல்மொழியில் எழுதலாம் என்பதே அவர் கேட்கும் முதல் வினா. எதனைச் செய்யப்போகிறோம், யாருக்காகச் செய்யப்போகிறோம் என்னும் வினாக்கள் பின்னர் எழுகின்றன. சிலர்க்கு அவை எழாமலே ஆண்டு முடிந்துவிடுகின்றது. வேலைவாய்ப்பு விளம்பரத்திற் கண்ட மொழி, மேல்வகுப்பு மாணவர் புகழ்ந்த மொழி, அண்மையில் எங்கும் பேசப்படும் மொழி ஆகிய இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதன்பின் அதற்கேற்ற வேலையைத் தேடுவோர் பலர். அது முறையன்று என்பதையும், முறையாவது யாது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டுக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர் சிலர் வினவலாம். நம் கல்லூரி மலரின் பழைய தொகுதிகளிலுள்ள தமிழ்ப் பகுதிகளுக்கு ஓர் அடைவு அமைக்கும் பணியை இவ்வாண்டில் கணினித்துறை மாணவர் இருவரும் தமிழ் மாணவர் மூவரும் கூடி மேற்கொண்டுள்ளோம். கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், வெளிவந்த ஆண்டு, அதிற் பயின்றுவரும் சிறப்புச் சொற்கள் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கொண்டு எவரும் தமக்கு வேண்டிய பக்கத்தைக் கண்டெடுத்தல் வேண்டும் என்பதே கருத்து. இதனை எந்த நிரல்மொழியில் ஆக்குவது என்னும் ஆராய்ச்சி எழுந்தபோது, அவ்வினாவிற்குரிய விடை கணினி நூல்களில் மட்டும் அடங்கவில்லை, தமிழிலக்கணத்திலும் பாதி கிடக்கின்றது என்பது எம்மனோர்க்குப் புலனாயிற்று.

திருவள்ளுவனார் பொருட்பாலில் வினைசெயல்வகை என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார். அங்கே ஒரு குறளில், ஒரு செயலைத் தொடங்குவோன் மயக்கமற ஆராய்ந்து கொள்ளவேண்டியவை ஐந்து என்கின்றார். செய்யும் வினை, அது நிகழும் இடம், அதற்கு ஏற்ற காலம், செல்லும் பொருள், உதவுங் கருவி என்பனவே அவ்வைந்துமாம். அரசியலை நோக்கி உரைத்த இவ்வறிவுரை நிரல் எழுதும் மாணவர்க்கும் பொருந்துகின்றது. கருவி ஐந்தனுள் ஒன்றே என்பதனைக் கருத்திற் கொள்க. ஏனை நான்கினையும் நோக்கியபின் கருவி ஏறக்குறையத் தானே துணியப்படும். ஆகலின் அதனை ஈற்றில் வைத்து, மற்றவற்றை முறையே காண்பாம்.

முதற்கண் வினை. அடைவு அமைத்தல் மூன்று செயல்களின் தொகுதி. அச்சிட்ட பக்கத்திலுள்ள எழுத்துக்களைக் கணினியில் ஏற்றல் ஒன்று. ஏற்றிய தலைப்புகளை அகரவரிசைப்படுத்தல் ஒன்று. வேண்டுவோர் வேண்டிய சொல்லைத் தேடியெடுக்கச் செய்தல் மற்றொன்று. மூன்றிற்கும் மூலப்பொருள் தமிழெழுத்தே. எனவே, கணினி தமிழெழுத்தை எங்ஙனம் கொள்கின்றது என்று அறிந்தாலன்றி மேலே ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். உலகமொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் வழங்கும் யூனிக்கோடு என்னும் ஏற்பாட்டின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதன்கண் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிரெழுத்துக்களும், அகரமேறிய மெய்களும், கால், கொம்பு முதலிய குறிகளும், புள்ளியும் அங்கே தனித்தனி இடம் பெற்றிருக்கின்றன. கி, கு, கெ முதலிய உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை. மெய்யின் எண்ணும் குறியின் எண்ணும் அடுத்தடுத்து நின்று அவற்றைத் தருகின்றன. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். அவை முறையே த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்பனவாம். இவற்றைக் கோப்பில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டு இடங்கொள்வதால், அச்சொல் 15 பைட்டு நீளமுடையதாகின்றது.

இனி, 'தமிழ்' என்பதன் நீளம் யாது என்று நிரல்மொழிகளை வினவிப் பார்ப்பாம். 1972ஐ ஒட்டி டென்னிஸ் ரிச்சி என்பார் ஆக்கிய சி மொழியில், நீளங் காண்பதற்கு வழக்கமாக எடுத்தாளும் செயற்கூறு 15 என்று விடை தரும். பைத்தானின் மூன்றாம் பதிப்பும் ஜாவாவும் ஜாவா ஸ்கிரிப்ட்டும் 5 என்னும். ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் 3 என்னும். நன்னூல் தொடங்கிய மாணவனும் 3 என்றே கூறுவான். இவற்றுள் எதுவும் பொய் கூறவில்லை. ஒன்று பைட்டை எண்ணுகின்றது. ஒன்று குறியெண்ணை எண்ணுகின்றது. ஒன்று கண்ணுக்குப் புலனாகும் எழுத்தை எண்ணுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாதார் ஒவ்வொரு தலைப்பின் முதலெழுத்தையும் எடுத்து வகைப்படுத்த முயன்றால், 'கொடை' என்பதிலிருந்து 'கொ' வாராது, 'க' மட்டுமே வரும். கொடையும் கீதமும் குருத்துவமும் ககரத்தின்கீழ் ஒன்றாய்க் குவிந்துவிடும். செய்யுளில் எழுத்தெண்ணிச் சீர் பிரிக்க விழைவார்க்கோ இடர் இன்னும் மிகுதி.

மற்றொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்பதை இருவகையாக எழுதிவைக்கலாம். ககரத்தின் பின் ஒகரக்குறிக்குரிய 3018 என்னும் ஓரெண்ணை வைப்பது ஒருவகை. கொம்பிற்குரிய 3014, காலிற்குரிய 3006 என்னும் ஈரெண்களை வைப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. இயந்திரத்திற்கு அவை வேறு வேறு. ஒருவர் முதல்வகையாற் பதித்த சொல்லை மற்றொருவர் இரண்டாம் வகையால் தேடினால், சொல் அங்கே இருந்தும் இல்லையென்றே விடை வரும். இவ்விரண்டையும் ஒருப்படுத்துதற்கு யூனிக்கோட்டிலேயே இயல்பாக்கம் என்றொரு நெறி வகுக்கப்பட்டிருக்கின்றது. அந்நெறியை எளிதிற் செய்துதரும் மொழியே நம் பணிக்குரியது. ஔகாரக்குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவிடும் பிழையை மட்டும் எந்த நெறியும் நீக்காது. அதற்குக் கண் வேண்டும்.

அடுத்தது அகரவரிசை. சொற்களைச் செய்யுளில் அடுக்கி மனனஞ் செய்வித்த நிகண்டு முறைக்கு மாறாக, அகரவரிசையில் அமைந்த சதுரகராதியை 1732இல் வீரமாமுனிவர் இயற்றினார். பின்னர் 1862இல் வின்சுலோ ஐயரின் பேரகராதி வெளிவந்தது. 1924 தொடங்கி 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இங்ஙனம் இருநூறாண்டுகளாக உறுதிப்பட்டுவந்த வரிசையில் மெய்யெழுத்துக்கள் ரகரத்தின் பின் ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகின்றன. யூனிக்கோட்டின் எண்வரிசை அவ்வாறன்று. இந்திய எழுத்துக்கள் பலவற்றிற்கும் பொதுவாக வகுத்த ஒரு தரத்தைத் தழுவி அது அமைந்தமையால், னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும் வைக்கப்பட்டன. ஜகரம் சகரத்தை அடுத்து நிற்கின்றது.

இதனால் விளைவது யாதெனிற் கூறுவாம். கலை, கவி, கழனி, களம், கறி, கனி என்பது தமிழ் அகராதி வரிசை. இவ்வாறு சொற்களையும் எண்மதிப்பைக் கொண்டே வரிசைப்படுத்தும் நிரலிடம் கொடுத்தால், கனி, கறி, கலை, களம், கழனி, கவி என்று திருப்பித் தரும். கடைசியில் நிற்கவேண்டிய கனி முதலிற் சென்று நிற்கின்றது. இரண்டாவதாகிய கவி கடைக்கு வந்துவிடுகின்றது. பைத்தானும் ஜாவா ஸ்கிரிப்ட்டும் வேறொன்றும் சொல்லாதவிடத்து இவ்வாறே செய்யும். 2000த்தில் தோன்றி இன்று கைப்பேசிதோறும் குடிகொண்டிருக்கும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளமும் இவ்வாறே செய்யும். நிரல் பிழையின்றி ஓடும். விடை மட்டும் பிழையாயிருக்கும். தமிழறியாத ஆசிரியர் ஒருவர் இதனைச் சோதித்தால் முழு மதிப்பெண்ணும் வழங்கிவிடுவார். அகராதி புரட்டிப் பழகிய கண்ணே இப்பிழையைக் காணவல்லது.

இவற்றினும் அரிய இடர் ஒன்று நம் மலருக்கே உரியது. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் ஏடாகலின், ஜெபம், ஜீவன், ஸ்தோத்திரம் முதலிய சொற்கள் பக்கந்தோறும் வருகின்றன. தனித்தமிழ் உணர்ச்சியுடையார் எழுதிய கட்டுரைகளில் அவையே செபம், சீவன், தோத்திரம் என்று காணப்படும். ஆண்டவர் திருப்பெயரையே இயேசு என்பாரும் ஏசு என்பாரும் யேசு என்பாரும் உளர். ஒன்றைத் தேடுவார்க்கு மற்றவையும் கிடைத்தல் வேண்டாவோ? எந்த நிரல்மொழியும் இதனைத் தானே அறியாது. இன்ன சொல்லும் இன்ன சொல்லும் ஒன்று என்னும் பட்டியலைத் தமிழ் மாணவரே இருந்து ஆக்குதல் வேண்டும். மேலும், 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியதற்கு முன் வந்த தொகுதிகளில் லை, ளை, ணா, றா, னா முதலிய பதின்மூன்றெழுத்துக்கள் பழைய வடிவில் அச்சாகியுள்ளன. குறியெண் இரண்டு வடிவிற்கும் ஒன்றே. ஆயினும் அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தறியும் டெசராக்ட் முதலிய கருவிகள் தரும் படியை, இவ்விடங்களில் வரிவரியாக ஒப்புநோக்காமல் ஏற்றுக்கொள்ளலாகாது. இத்துணையும் வினையின்கண் அடங்கும். வினையை இங்ஙனம் பகுத்துக் கண்டபின் மற்றவை எளிய.

இரண்டாவது, இடம். நாம் ஆக்கும் அடைவு எங்கிருந்து பயன்படுத்தப்படும் என்பதே இதன் பொருள். கோபாலபுரத்தில் ஓய்வுபெற்று வாழும் பழைய மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் தம் இளமையில் இம்மலரில் எழுதிய கட்டுரையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகின்றார். அவர் கையிலிருப்பது ஒரு கைப்பேசி. அதில் புதிய செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுமாறு அவரை ஏவுதல் தகுமா? சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பழைய மாணவர் நிலையும் இதுவே. ஸ்விஃப்ட் எழுத்தைத் தமிழர்போல எண்ணும் என்று மேலே கண்டோம். எனினும் அது பெரும்பாலும் ஆப்பிள் கருவிகளுக்கே செயலி ஆக்கப் பயன்படுவது. ஒரு சிறப்பினைக் கண்டு அம்மொழியைத் தேர்ந்தால், நம் வாசகருட் பெரும்பாலோர் வாயிலுக்கு வெளியே நிற்பர். எக்கைப்பேசியிலும் முன்னரே இருப்பது உலாவி. உலாவி தானே அறிந்த நிரல்மொழி, 1995இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவா ஸ்கிரிப்ட். ஆகவே வாசகர் காணும் முகப்பு அம்மொழியிலேயே அமைதல் வேண்டும் என்பதை இடமே தீர்த்துவிட்டது.

கோபாலபுரத்தைக் குறித்தமையால் அவ்வூர்க்கும் இப்பொருட்கும் உள்ள மற்றொரு தொடர்பையும் கூறுதல் தகும். 1999 பிப்ரவரியில் தமிழிணையம் 99 என்னும் மாநாடு சென்னையில் கூடியது. அதனையொட்டித் தமிழ்நாட்டரசு தமிழ்99 என்னும் விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் தரமென ஏற்றது. அப்பொழுது முதலமைச்சராயிருந்தவர், கோபாலபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மு. கருணாநிதி அவர்கள். விசைப்பலகை இன்றும் வழங்குகின்றது. குறியீட்டு முறைகளோ நிலைக்கவில்லை. 2010 ஜூனில் அவரது ஆட்சியிலேயே யூனிக்கோடும், அதனை ஏற்கவியலாத இடங்களில் டேஸ்16 என்னும் முறையும் தரமாக்கப்பட்டன. அரசு அறிவித்த ஒரு தரம் பதினோராண்டிற்குள் மற்றொன்றிற்கு இடங்கொடுத்தது. இச்செய்தி நம்மை மூன்றாவதாகிய காலத்திற்கு அழைத்துச்செல்கின்றது.

காலத்தை இருவகையாக நோக்குதல் வேண்டும்: பணியை முடிப்பதற்குள்ள காலம் ஒன்று, முடித்தபின் அது வாழவேண்டிய காலம் மற்றொன்று. மாணவர் முன்னதையே எண்ணுவர். பின்னதோ பன்மடங்கு பெரிது. லோசானிலிருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வரலாறு இதற்குச் சான்று. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் பலர் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். தொடக்கத்தில் அந்நூல்கள் டிஸ்கி என்னும் குறியீட்டில் வெளிவந்தன; பின்னர் அவை யூனிக்கோட்டிற்கு மாற்றப்பட்டன. குறியீட்டின் விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தமையால் மாற்றல் இயன்றது, உழைப்பு வீணாகவில்லை. நிரல்மொழிக்கும் இது பொருந்தும். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பிற்கு அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. பழையதில் எழுதியோர் பலர் திரும்ப எழுதவேண்டியதாயிற்று. மொழிகள் மாறும், கருவிகள் மறையும், எழுத்துக்கோப்பு எஞ்சும். ஆகலின் நம் அடைவின் உயிர்நிலை எந்த நிரலுக்குள்ளும் மறைந்திராமல், எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய யூடிஎஃப்-8 கோப்பாக இருத்தல் வேண்டும்.

நாம் மூன்றாண்டிற் கல்லூரியை விட்டு நீங்குவோம், பணி நீங்காது. அதனை அடுத்து ஏற்கப்போகும் தம்பியரும் தங்கையரும் எதனைக் கற்று வருகின்றனர்? தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூலில் 2019 முதல் பைத்தான் இடம்பெற்றுள்ளது. பள்ளியிற் கற்று வரும் மொழியில் நிரல் இருந்தால் அவர் அதனைத் திறந்து திருத்த அஞ்சார். நாம் மட்டும் அறிந்த அரிய மொழியொன்றில் எழுதிச் சென்றால், நம் கெட்டித்தனம் விளங்கும். பணி நம்மோடு முடியும். இன்று நிரலையே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. அவற்றை ஆளும்போதும் இவ்விதியே காவல். தான் படித்து விளங்கிக்கொள்ள இயலாத நிரலை ஒருவன் ஏற்றுக்கொள்ளலாகாது. கனி முன்னும் கவி பின்னும் நிற்பதைக் கண்டபோது எங்கே திருத்துவது என்று அவன் அறியான்.

நான்காவது, பொருள். மாணவர் கையிற் பொருள் குறைவென்பது சொல்லாமலே விளங்கும். நல்வினையாக, நாம் கருதும் மொழிகள் யாவும் விலையின்றிக் கிடைப்பனவே. ஆயினும் விலையில்லாமை வேறு, செலவில்லாமை வேறு. முதலாண்டு இலவசமாயிருந்து பின்னர்க் கட்டணங் கேட்கும் இணையச் சேவையில் அடைவை வைத்தால், மாணவர் நீங்கியபின் அக்கட்டணத்தை யார் செலுத்துவர்? கோபுரங் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிடவேண்டும் என்னும் திருமறை உவமையை நாம் அறிவோம். தரங்கம்பாடி வரலாறும் இதனையே கற்பிக்கின்றது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழில் அச்சிடத் துணிந்தபோது, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் அவருக்கு வந்துசேர்ந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தன. பெரிய எழுத்துக் காகிதத்தை விழுங்கும். காகிதமோ அந்நாளில் அருமையானது. எனவே இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்ப்பித்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். தொலைவிலிருந்து வந்த கருவி நல்லதே; இங்குள்ள காகிதத்திற்கு அது ஏற்றதன்று. அதனைக் கண்டறிந்து மாற்றிக்கொண்டமையாலன்றோ அப்பணி நிறைவேறிற்று!

இனிக் கருவி. நான்கினையும் நோக்கிய பின் அதனைத் தெரிந்துகொள்ளுதல் ஒரு நாள் வேலையாயிற்று. சி மொழி விரைவில் ஒப்பற்றது. சில ஆயிரம் தலைப்புகளையுடைய அடைவிற்கு அவ்விரைவு வேண்டா. பைட்டுகளைத் தமிழெழுத்தாகக் கோக்கும் உழைப்பு முழுதும் நம் தலைமேல் விழும். பைத்தானில் இயல்பாக்கம் உடன்பிறந்ததாகவே இருக்கின்றது. அன்றியும், முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் நிரற்றொகுதி பைத்தானிலேயே அமைந்துள்ளது. சொல்லைத் தமிழெழுத்துக்களாகப் பிரித்தல், தமிழ் வரிசைப்படி ஒப்பிடல், பழைய குறியீடுகளை யூனிக்கோட்டிற்கு மாற்றல் ஆகியவற்றை அது செய்துதருகின்றது. ஆகவே எழுத்தேற்றல், ஒப்புநோக்கல், வரிசையாக்கல் ஆகிய பட்டறை வேலைகளுக்குப் பைத்தான் எனவும், வாசகர் காணும் முகப்பிற்கு ஜாவா ஸ்கிரிப்ட் எனவும் துணிந்தோம். முகப்பிலும் தமிழ் வரிசை பிழைபடாமைக்கு வழியுண்டு. இன்றைய உலாவிகளில் இன்ட்ல் என்னும் பகுதி அடங்கியிருக்கின்றது. மொழி தமிழ் என்று அதற்கு அறிவித்து ஒப்பிடச் செய்தால், கலையை முன்னும் கனியை ஈற்றிலும் வைக்கும். ஐவர் ஒருங்கே திருத்துவதால், யார் எதனை எப்பொழுது மாற்றினார் என்பதைக் காத்துவைக்க, லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட் என்னும் கருவியையும் சேர்த்துக்கொண்டோம். மூன்றாவது நிரல்மொழி வேண்டாவென்றும் முடிவு செய்தோம். கருவி பெருகப் பெருக அவற்றைப் பேணும் வேலையே பணியாகிவிடும்.

தமிழ்ப் பணிக்குத் தமிழிலேயே நிரல் எழுதலாகாதா என்று வினவுவார்க்கு, எழுதலாம் என்பதே விடை. முத்து அண்ணாமலை அவர்களே எழில் என்னும் நிரல்மொழியை ஆக்கியிருக்கின்றார். அச்சிடுக என்பதற்குப் பதிப்பி என்றும், கட்டளையின் முடிவிற்கு முடி என்றும் அதிற் சொற்கள் வழங்குகின்றன. நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக அமையும் அதன் வாக்கியம் தமிழ்த் தொடரமைதியைத் தழுவியது. ஆங்கிலம் தடையாயிருக்கும் சிறுவர்க்கு நிரலாக்கத்தின் இயல்பைக் கற்பித்தற்கு அஃது அழகிய வாயில். எனினும் அந்த எழிலுமே பைத்தானைக் கொண்டு ஆக்கப்பட்டது என்பதை நோக்குக. கற்பித்தல் என்னும் வினைக்கு எழிலும், அதனைக் கட்டும் வினைக்குப் பைத்தானும் என அவர் இரண்டு வினைக்கு இரண்டு கருவி கொண்டார். பெயரிலே தமிழிருத்தல் ஒரு சிறப்பு. உள்ளே தமிழெழுத்தைப் பிழையின்றி ஆளுதல் மற்றொரு சிறப்பு. நம் அடைவிற்குப் பின்னதே முதன்மையானது.

வேறு பணிகளை மேற்கொள்ளும் மாணவர்க்கு எம் விடை உதவாதிருக்கலாம். எம் வழி உதவும். ஒரு கருவியைத் தெரியுமுன், தன் பணியில் உண்மையாக வரும் பொருளில் ஒரு கைப்பிடி எடுத்து, அதனை அக்கருவியிடம் கொடுத்துப் பார்க்க. யாம் பத்துச் சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டோம். மேலே கூறிய ஆறு சொற்களோடு, கொடை, கௌரவம், ஜெபம், ஸ்தோத்திரம் என்பனவும் அவற்றுள் அடங்கும். எந்த மொழியைப் புகழ்ந்து யார் வந்தாலும், இப்பத்தையும் எண்ணுக, வரிசைப்படுத்துக, தேடுக என்று கேட்டோம். ஒரு மணிப்பொழுதில் விளங்காத புகழுரை ஒன்றும் இல்லை. மீன்பிடி கணக்கெழுதும் நிரலாயின் மீன்பெயர்களையும், மருத்துவமனைச் சீட்டாயின் நோயாளிகளின் தலைப்பெழுத்தோடு கூடிய பெயர்களையும், பேருந்து அட்டவணையாயின் நள்ளிரவைக் கடந்து செல்லும் வண்டியையும் இவ்வாறு கொடுத்துப் பார்க்கலாம்.

இன்னும் தீராத வினாக்கள் சில உள. ஜெபம் என்னும் சொல் சகரத்தை அடுத்து நிற்பதா, னகரத்திற்கும் அப்பால் நிற்பதா? க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? இயந்திரம் இவற்றுள் எதனையும் தானே தீர்மானிக்கவல்லதன்று. நாம் கூறியதைச் செய்யும், நாம் கூறாதவிடத்து வேறெவரோ எங்கோ கூறியதைச் செய்யும். அவ்வேறெவரும் நன்மனத்தோடு கூறியிருக்கலாம். ஆயினும் நம் அகராதியைப் புரட்டியவராயிருத்தல் அரிது. தமிழ் கற்றோர் இப்பணி எமதன்று என்று ஒதுங்குவாராயின், கனிக்குப் பின் கவி வரும் வரிசையே நாளடைவில் வழக்காகிவிடும். பின்வரும் சிறுவர் அதுவே தமிழ் வரிசையென்று கற்பர். வீரமாமுனிவரும் சீகன்பால்கு ஐயரும் கடல் கடந்து வந்து, தாம் பிறந்த மொழியல்லாத மொழியின் எழுத்துக்காக அவ்வளவு நுணுகி உழைத்தனர். இம்மொழியிற் பிறந்த நாம், நண்பர்களே, கணினித்துறை அன்பரோடு ஒரு மேசையில் அமர்ந்து, பத்துச் சொற்கள் எழுதிய ஒரு தாளை முன்வைத்துக் கேள்வி கேட்கவாவது கடமைப்பட்டுள்ளோம். கருவி அதன்பின் தெரியப்படுக.